போர்ட்டபிள் டேபிள் சா வாங்கலாமா? திருமங்கலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

திருமங்கலம் பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்துக்குப் பன்னிரண்டு ஷெட் இருக்கிறது. கதவு, ஜன்னல், கப்போர்டு வேலை பார்க்கிறேன். பாதி வேலை சைட்டில்தான் நடக்கிறது. போர்ட்டபிள் டேபிள் சா வாங்கலாம் என்று இருக்கிறேன். அதன் நிறை குறை என்ன?" போர்ட்டபிள் டேபிள் சா என்பது, மேஜைக்கு நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்க, பலகையைத் தள்ளி அறுக்கும், தூக்கிப்போகக்கூடிய ரம்ப மிஷின். கேள்வி அதன் நிறை குறை பற்றித்தான். ஆனால் கடைசி வரியில் "கையில் இருப்பது ஐம்பதாயிரம், அதற்கு மேல் போனால் கடன்தான்" என்று எழுதியிருக்கிறாரே, உண்மையான கேள்வி அங்கே இருக்கிறது. இந்த ஒரு மிஷின் என் மொத்த வேலையையும் தாங்குமா, இல்லை இதை வாங்கிய பிறகு இன்னொன்றுக்கும் அலைய வேண்டி வருமா என்பதுதான் அவர் கேட்பது. நான் அதற்கே பதில் சொல்கிறேன்.

மதுரை பழங்காநத்தத்தில் எனக்குச் சின்னப் பட்டறை. மர வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அப்பா காலத்தில் கைவாளும் இழைப்புளியும்தான். நான் வந்த பிறகு பெல்ட்டில் ஓடும் பெரிய ரம்ப மிஷின் ஒன்று போட்டோம். போர்ட்டபிள் டேபிள் சா ஒன்பது வருஷமாகக் கையில் இருக்கிறது. முதலில் வாங்கியது ஒன்று, இப்போது ஓடுவது இரண்டாவது. ஆக, நான் சொல்வது இரண்டு மிஷினை வைத்து, வீட்டு வேலை மட்டும் பார்த்த ஒருவனின் பேச்சு. நாள் முழுக்க ஷீட் அறுக்கும் மாடுலர் கிச்சன் கம்பெனியில் நான் வேலை பார்த்ததில்லை. அந்தத் தேவை உள்ளவர்கள் அங்கே வேலை பார்த்தவரைக் கேட்பது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், சட்டம், ரீப்பர், பீடிங் எல்லாம் நீளவாக்கில் கிழிக்க இதுபோல் கைக்கு உதவும் மிஷின் வேறு கிடையாது. முழு பிளைவுட் ஷீட்டை அறுக்க இது ஆகாது. கெட்டியான நிலைச் சட்டத்தை நாள் முழுக்க அறுக்கவும் ஆகாது. சட்டத்துக்குக் காரணம் மோட்டார், அதைப் பிறகு சொல்கிறேன். ஷீட்டுக்குக் காரணம் எடை. இந்த வகை மிஷின்கள் பெரும்பாலும் 22 கிலோவிலிருந்து 35 கிலோ வரை இருக்கும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட், 18 மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். மேஜையைவிட அதன்மேல் வைக்கிற பலகை கனமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி ஷீட் பிளேடைத் தாண்டியதும் பின்பக்கம் பாரம் கூடி, முன்கால் தரையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் ஷீட்டையும் மிஷினையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு கை போதாது.

எடை குறைவாக இருப்பதன் நன்மையை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். மாடியில் சுவரோடு சேர்ந்த அலமாரி. தரையிலிருந்து லிண்டல் வரைக்கும் போவதற்குள் சுவர் மூன்று நூல் வெளியே தள்ளியிருந்தது (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). பூச்சு வேலையில் நம் பக்கத்தில் இது சாதாரணம். மூலைமட்டம் வைத்தால் எந்தச் சுவரும் உட்காராது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பட்டி வைத்து மறைக்க வேண்டும். அந்தப் பட்டி கீழே அகலமாகவும் மேலே மூன்று நூல் குறைவாகவும் இருக்க வேண்டும். பட்டறையில் அறுத்திருந்தால் அளவெடுக்க ஒரு நடை, பொருத்திப் பார்க்க ஒரு நடை, மறுபடி சீவ ஒரு நடை என்று பெட்ரோலுக்கே கூலி போயிருக்கும். அன்றைக்கு மிஷினை நானும் பையனுமாக மாடிக்குத் தூக்கிப் போனோம். நேரான ஒரு பிளைவுட் துண்டின் ஓரத்தில் பட்டியைச் சாய்வாக வைத்து, இரண்டு திருகாணியில் இறுக்கி, அந்தப் பிளைவுட்டைக் கைடோடு (பிளேடுக்கு இணையாக மேஜையில் பூட்டும் நேர்ப்பட்டை) ஒட்டித் தள்ளினேன். சாய்வு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. சுவரில் வைத்தபோது ஒரு தாள்கூட நுழையாத அளவுக்கு உட்கார்ந்தது. சைட் வேலையில் பாதி நேரம் இருக்கிற ஒருவருக்கு இந்தச் சௌகரியம் பெரிய விஷயம்.

இன்னொரு நன்மை, ஒரே அகலம். கைடை ஒருமுறை ஒன்றரை அங்குலத்துக்கு வைத்துவிட்டால் நாற்பது ரீப்பரும் ஒன்றரை அங்குலம்தான். கையில் பிடிக்கும் கட்டரில் கோடு பார்த்து அறுத்தால் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அரை நூல் அங்கே இங்கே போகும். பிறகு அதை இழைத்துச் சரி செய்யும் நேரம் தனி. பிளேடை 45 பாகை வரை சாய்க்கலாம் என்பதால் மூலை சேரும் பீடிங்கும் இதிலேயே ஆகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் நிறைய பேர் ஏழு அங்குல ரம்ப மிஷினையோ, மார்பிள் கட்டரையோகூட, பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, சுவிட்சைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு டேபிள் சா என்று ஓட்டுகிறார்கள். காசு இல்லாத காலத்தில் நானும் ஓட்டியிருக்கிறேன். அதில் அவசரத்துக்கு அணைக்க சுவிட்ச் கைக்கு எட்டாது. பிளேடுக்கு மேல் கவர் கிடையாது. பின்னால் தடுப்புத் தகடு கிடையாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கட்டிய சுவிட்ச் கட்டியபடியே இருக்க, மிஷின் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்படி ஓடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. போர்ட்டபிள் டேபிள் சாவுக்கு ஆயிரம் குறை சொன்னாலும், இதற்குப் பதிலாக அதை வாங்குவது என்றால் கடன் வாங்கிக்கூட வாங்கலாம்.

இனி குறைகள். மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியில் 1500 வாட், 1800 வாட், 2000 வாட் என்று போட்டிருக்கும். 746 வாட் ஒரு ஹெச்பி என்பதால் 1800 வாட்டை இரண்டரை ஹெச்பிக்குச் சமம் என்று கடையில் சொல்வார்கள். அந்த வாட் மிஷின் உள்ளே இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. அதில் நல்ல பங்கு சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். பெரிய மிஷினில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டாரில் எழுதியிருக்கும் ஹெச்பி, தண்டில் வெளியே கிடைக்கும் சக்தி. அதனால்தான் 2 ஹெச்பி பெல்ட் மிஷின் முனகாமல் அறுக்கிற தேக்கில் 1800 வாட் போர்ட்டபிள் திணறுகிறது. ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் குறை ஒன்றும் தெரியாது. இரண்டு அங்குலத் தேக்கு, வேங்கை என்றால் மெதுவாகத் தள்ள வேண்டும். நிலைக்கு நாம் போடும் ஐந்துக்கு மூன்று சட்டத்தை அறுக்கலாமா என்றால், பத்து அங்குல பிளேடு பொதுவாக மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல்தான் எழும்பும். ஆழம் சரியாக வந்தாலும் மோட்டார் மூச்சுவிடாது. அறுத்த முகம் கருகி, புகை வாசனை வரும். நிலைச் சட்டத்தை மர மில்லில் இருக்கும் பேண்ட் சாவில் (பட்டை ரம்பம்) சைஸ் போட்டு வாங்கி வாருங்கள். அதுதான் லாபம்.

இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டு இருக்கும். அது தேயும் பொருள். தேய்ந்தால் பொறி அதிகமாகத் தெரியும், மிஷின் விட்டு விட்டு ஓடும். மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை, விலையும் பெரிதில்லை. ஒரு ஜோடி எப்போதும் டப்பாவில் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை சைட்டில் நின்றுபோனால் மதுரைக்கு வந்து கடை திறந்திருக்கிறதா என்று தேட முடியாது.

சத்தம் இதைவிடப் பெரிய விஷயம். பெல்ட் மிஷின் பக்கத்தில் நின்று பேசலாம். இதன் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. சும்மா ஓடும்போதே 100 டெசிபலை ஒட்டி வரும் மிஷின்கள் இவை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு அது 15 நிமிடம்தான். நான் முதல் நாலு வருஷம் காதில் ஒன்றும் மாட்டவில்லை. இப்போது ராத்திரி படுத்தால் இடது காதில் சன்னமாக ஒரு விசில் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் இது திரும்பாது என்று சொல்லிவிட்டார். காது மூடி வாங்க முந்நூறு நானூறு ரூபாய் கணக்குப் பார்க்காதீர்கள், தம்பி.

மரத்தூளும் அப்படித்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கு, அதைச் சுற்றியுள்ள குழிகளில் வரும் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது என்பது சந்தேகமில்லாத விஷயம். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். இந்த மிஷின்களின் பின்னால் குழாய் மாட்ட ஒரு வாய் இருக்கும். வாக்குவம் மாட்டினால் நல்ல பங்கு போய்விடும். மேலே பறப்பது அப்போதும் பறக்கும். பத்துக்குப் பன்னிரண்டு ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அறுக்கவே கூடாது. நான் மிஷினை வாசல் பக்கம் இழுத்து வைத்து, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

மேஜை அலுமினியம். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் காந்தத்தால் ஒட்டும் அழுத்திகள் இதில் ஒட்டாது. தெரியாமல் வாங்கிவந்து திருப்பிக் கொடுத்தவன் நான். பலகையைக் கைடோடு அழுத்திப் பிடிக்க கிளாம்ப் போடும் வகைதான் இதற்கு வேண்டும்.

அடுத்தது உதைப்பது. கிக்பேக் என்று சொல்வார்கள். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வருவதால் மரத்தை மேஜையோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பும். அறுபட்ட மரம் பின்பக்கப் பல்லில் ஒட்டியது என்றால், அது மரத்தைத் தூக்கி உங்கள் பக்கமே எறியும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அர்த்தம். மரம் ஏன் ஒட்டுகிறது என்றால், ஒன்று, கைடு பின்னால் சாய்ந்து பிளேடை நெருங்கியிருக்கும். இல்லையென்றால் மரமே அறுபட்டதும் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு மூடும். நம் ஊர் வேம்பு இதற்குப் பேர்போனது. அதன் ரேகை ஒரு சீராக ஓடாது, அடுக்கடுக்காக எதிரும் புதிருமாகப் பின்னிக்கிடக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேப்பஞ்சட்டம். இரண்டு அங்குலக் கனம், நாலடி நீளம். அதற்கு முன் காடி, அதாவது நீளப் பள்ளம் ஒன்று வெட்டுவதற்காக, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டைக் கவரோடு சேர்த்துக் கழற்றியிருந்தேன். அந்தத் தகட்டுக்கு ரிவிங் நைஃப் என்று பெயர். அறுபட்ட மரம் மூடிக்கொள்ளாமல் நடுவில் நின்று தடுப்பதுதான் அதன் வேலை. காடி வெட்டி முடித்ததும் திரும்ப மாட்டவில்லை. ஒரே ஒரு சட்டம்தானே என்று தள்ளினேன். முக்கால் பாகம் போகும்போது சத்தம் மாறியது. அதுவரை ஒரே சுதியில் இருந்த சத்தம் கீழிறங்கி ஒரு முனகல் வந்தது. என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் சட்டம் அடிவயிற்றில் வந்து இறங்கிவிட்டது. நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், மூன்று வாரம் இருமினால்கூட வலிக்கும். வயிற்றோடு போனது. கை பிளேடுக்கு மேலே இருந்திருந்தால், மரம் பின்னால் வரும் வேகத்தில் விரலையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். விரல் போனவர்கள் பலருக்கும் நடந்தது அதுதான்.

அதனால் ரிவிங் நைஃப் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாக வரும் பல மிஷின்களில் அதை முழுசாகக் கழற்றாமல், பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே இறக்கி வைக்க முடியும். அப்படிப்பட்டதைப் பார்த்து வாங்கினால் காடி வெட்டும்போதும் அது நிற்கும். தகட்டின் மேலேயே அதன் கனம் எழுதியிருக்கும். பிளேடின் உடலைவிடக் கனமாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெலிசாகவும் அது இருக்க வேண்டும். மெலிந்த பிளேடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால், தகடு அறுத்த வழியில் நுழையாமல் மரம் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். உடனே தகட்டைக் கழற்றத் தோன்றும். அந்த பிளேடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்று இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். கடைசி ஒரு ஜாணுக்குக் கையை விடாமல் தள்ளுகோல் எடுங்கள். பிளேடை மரத்துக்கு மேல் ஒரு பல் உயரம் தெரியும்படி வைத்தால் போதும். கையுறை, தோளில் துண்டு, தொளதொள முழுக்கை, கோயிலில் கட்டிய கயிறு எதுவும் வேண்டாம். நம் பையன்கள் கையில் வருஷம் முழுக்கக் கயிறு இருக்கும். மிஷின் ஓட்டும் நாளில் அதைக் கழற்றிவைக்கச் சொல்லிவிடுவேன், சாமி கோபித்துக்கொள்ளாது. துண்டு பலகையைக் குறுக்கே அறுக்கும்போது கைடை அதன் நுனியில் முட்டுக்கொடுக்காதீர்கள், அறுபட்ட துண்டு இரண்டுக்கும் நடுவே மாட்டி உதைக்கும்.

விரல் பட்டால் நின்றுவிடும் மிஷின் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சாஸ்டாப் என்ற அமெரிக்க மிஷின், ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் கண்டுபிடித்தது. பிளேடில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு பட்டால் அது மாறுவதை உணர்ந்து, 5 மில்லிசெகண்டுக்குள் ஒரு அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து நிறுத்திவிடும். கட்டையும் பிளேடும் போய்விடும், விரல் தங்கும். மிகவும் ஈரமான மரமும் அதைத் தட்டிவிடக்கூடும். நான் அதில் வேலை செய்ததில்லை. உங்கள் பணத்துக்கு நீங்கள் பார்க்கும் மிஷின்களில் இந்த வசதி இருக்காது என்று வைத்துக்கொண்டே பழகுங்கள்.

கைடுக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் மோட்டாரைவிட இதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். முதல் மிஷினில் எனக்கு இருந்த பெரிய தலைவலி இதுவே. முன்பக்கம் இறுக்கினால் பின்பக்கம் ஒரு மயிரிழை நகரும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் அளந்து, தட்டி, மறுபடி இறுக்க வேண்டும். டீவால்ட் மிஷின்களில் பல்சக்கரம் வைத்து முன்னும் பின்னும் சேர்ந்தே நகரும் கைடு வருகிறது. அந்த அமைப்பு நன்றாக நிற்கிறது என்பதை நான் கையால் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வேறு கம்பெனிகளிலும் நல்ல கைடு இருக்கலாம். எதுவானாலும் பூட்டிய பிறகு பின்முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

மிஷின் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்பக்கம் இருக்கும் ஒரு பல்லில் பென்சிலால் குறி போடுங்கள். மேஜையில் நீளவாக்கில் ஓடும் காடியின் ஓரத்திலிருந்து அந்தப் பல் வரை ஸ்டீல் ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் வளைவும் சேர்ந்து கணக்கைக் குழப்பும், அதனால்தான் அதே பல். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் பிளேடு காடிக்கு இணையாக இருக்கிறது. அடுத்து கைடையும் அதே காடியை வைத்துப் பாருங்கள். பின்முனை, முன்முனையைவிட ஒரு தாள் கனம் விலகி இருக்கலாம். நெருங்கி மட்டும் இருக்கக் கூடாது. சைட்டுக்குத் தூக்கிப்போய் வரும் மிஷின் என்பதால் இந்த அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அடித்தட்டைக் கழற்றி உள்ளே அடைந்த தூளை எல்லாம் ஊதி எடுத்து, ஏற்றி இறக்கும் திருகில் மெழுகு தடவி, எல்லா அளவையும் முதலிலிருந்து சரிபார்ப்பேன். கிரீஸ் போடாதீர்கள். தூளும் கிரீஸும் சேர்ந்து களிமண்ணாகிவிடும்.

பிளேடு விஷயத்தில் ஒன்றே ஒன்றை வைத்து எல்லாம் அறுக்க நினைக்காதீர்கள். மிஷினோடு வருவது பெரும்பாலும் 24 பல் அல்லது 40 பல். 24 பல் மரத்தை நீளவாக்கில் கிழிக்க நல்லது, பல்லுக்கு நடுவே இடம் அதிகம் என்பதால் தூள் வெளியேறும், மோட்டாருக்கும் சுமை குறைவு. அதை வைத்து மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அறுத்தால் ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் பிய்ந்துவிடும். அதற்கு 60 பல்லோ அதற்கு மேலோ வேண்டும். ஒரு பல் தட்டையாகவும் அடுத்த பல் இரண்டு ஓரமும் சீவியும் மாறி மாறி வரும் வகை மைக்காவுக்கு இன்னும் நல்லது. டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே வெட்டுவதால் பிய்வது அடிப்பக்கம்தான். நல்ல முகத்தை மேலே வைத்து அறுங்கள். கையில் பிடிக்கும் ரம்ப மிஷினில் இது தலைகீழ், அங்கே நல்ல முகம் கீழே. கட்டிங் கடைகளில் இருக்கும் பேனல் சாவில் ஓரம் இரண்டு பக்கமும் சுத்தமாக வருவதற்குக் காரணம், பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு அடிமுகத்தை லேசாகக் கீறிவிட்டுப் போவது. அதை இந்த மிஷினில் எதிர்பார்க்க முடியாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடில் அழுத்தித் தள்ளுவோம். அங்கேதான் மோட்டாரும் சூடாகும், கையும் வழுக்கும். இன்னொன்று, துளை. 30 மில்லிமீட்டர், 25.4 மில்லிமீட்டர் என்று இரண்டும் கடையில் கிடக்கும். உங்கள் மிஷினுக்கு எது என்று எழுதி எடுத்துப் போங்கள். பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று, மிஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் கரண்ட் ஒரு பிரச்சினை. 1800 வாட் மிஷின் 230 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. கீழே மீட்டர் போர்டிலிருந்து மாடிக்கு 30 மீட்டர் மெல்லிய வயர் இழுத்தால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 9 வோல்ட் போல வயரிலேயே தொலையும். 2.5 வயரில் 4 வோல்ட்டுக்கும் குறைவு. சாயங்காலம் ஊருக்குள்ளேயே வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும் கிராமங்களில் இந்தக் கொஞ்சமும் கணக்குதான். 2.5 வயரில் சொந்தமாக ஒரு நீட்டிப்பு வயர் செய்து, மூன்று பின் பெரிய பிளக் போட்டு, சுருளாக வைக்காமல் முழுசாக விரித்து ஓட்டுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் சொருகாதீர்கள். புதிய சிமெண்ட் தரை ஈரமாக இருக்கும்.

அப்படியானால் பெல்ட் மிஷினே வாங்கலாமா? இழைப்பும் ரம்பமும் ஒரே பெட்டில் வரும் வார்ப்பிரும்பு மிஷின் உங்கள் காசுக்குள் பழையதாகக் கிடைக்கலாம். அது அசையாது, சத்தம் குறைவு, நாள் முழுக்க அறுக்கும். மரமும் இழைக்கலாம். ஆனால் ஷெட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும், சைட்டுக்கு வராது. நான் பார்த்த பழைய மிஷின்கள் பெரும்பாலானவற்றில் தடுப்புத் தகடோ கவரோ கிடையாது. என் மிஷினுக்கு லேத்தில் சொல்லித் தனியாகச் செய்து மாட்ட வேண்டியிருந்தது. உங்கள் வேலை முழுக்கக் கதவு ஜன்னல் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பாதி சைட், பாதி கப்போர்டு என்று எழுதியிருப்பதால் போர்ட்டபிள் உங்களுக்குச் சரி என்பது என் கணிப்பு. இதில் நான் தவறலாம், உங்கள் ஆர்டர் புத்தகத்தை ஆறு மாதத்துக்குப் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பணத்தை முழுசாக மிஷினிலேயே போட்டுவிடாதீர்கள். ஷீட்டை முதலில் துண்டு போட ஒரு ஏழு அங்குலக் கை ரம்ப மிஷின் வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். எட்டடி நீளத்துக்கு நேரான அலுமினியப் பட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டு அதை ஒட்டி அறுத்தால் ஷீட் நேராக வரும். தரையில் நாலு ரீப்பர் போட்டு, அதன்மேல் ஷீட்டைக் கிடத்தி அறுங்கள். அரை நூல் கூட வைத்து அறுத்து, துண்டை டேபிள் சாவில் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். அடுத்து, மிஷினின் உயரத்துக்கே பின்பக்கம் தாங்க ஒரு மேஜை. இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, மீந்த பிளைவுட்டில் மடக்குகிற மாதிரி நீங்களே அடித்துவிடலாம். ஒரு நூல் தாழ்வாக இருந்தால் நல்லது, பலகை முட்டாது. இந்த மேஜை இல்லாமல் நாலடிக்கு மேல் நீளமான எதையும் நான் அறுப்பதில்லை. பிறகு 60 பல் பிளேடு ஒன்று, காது மூடி, மாஸ்க், தள்ளுகோல். இத்தனைக்கும் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதுதான் மிஷினுக்கான காசு.

கடைக்குப் போகும்போது மூலைமட்டமும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம். ஸ்கேலை நிமிர்த்தி மேஜையில் குறுக்காக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கைடைப் பூட்டி ஆட்டிப் பாருங்கள். பிளேடை 90-ல் நிறுத்தி மூலைமட்டம் வையுங்கள். சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா, கார்பன் பிரஷும் சுவிட்சும் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். கவர், தள்ளுகோல், ரிவிங் நைஃப் மூன்றும் பெட்டிக்குள் இருப்பதைக் கையால் எடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.